பஸ்ஸில் கூப்பிடாத பெயர்

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஏறினால் தமிழ் வாயைவிட்டு இறங்கிவிடும். ஓப்பநாயக்கவில் ஏறி இரத்தினபுரியில் இறங்கும்வரை புருஷனும் பெண்சாதியும்கூடச் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளில் பலருக்கு தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு பெயர், டவுனில் ஒரு பெயர். டவுனில் அவர்களைக் கண்டால் கண்ணால் சிரித்துவிட்டுக் கடந்து போவதுதான் மரியாதை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் படிப்பித்த நான் அந்த மரியாதையை ஒருநாளும் மீறியதில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்வரை.

யுத்தத்தின் கடைசி வருடம் அது. நான் பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பலாங்கொடையில் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போவேன். முன்னால் போட்டோகொப்பி மெஷின், பலகைத் தட்டிக்குப் பின்னால் கம்ப்யூட்டர்கள். கடைக்கார முஸ்லிம் முதலாளிதான் கூட்டாளிமாரைத் தேடிச் சேர்க்கிற அந்தப் புதிய இணையத்தளத்தில் எனக்கொரு பக்கம் திறந்து தந்தார்.

"ஒங்கட புள்ளைகள் எல்லாம் இதுக்குள்ளதான் நிக்கிறாங்க சேர். பிரம்பு மட்டும்தான் கொண்டுவரேலா" என்றார்.

அதில் நன்மையே இல்லை என்று சொன்னால் பொய். கட்டாரில் தாதியாக இருந்த என் மாணவி பிறந்த குழந்தையின் படத்தைப் போட்டு, "சேர், மூக்கு என்னோடது, பிடிவாதம் அவரோடது" என்று எழுதியிருந்தாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனால் இப்போது அந்தத் தளத்தை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு வாய் பார்க்கிறவர்களுக்காவது முகம் உண்டு. இங்கே முகம் தெரியாத பத்துப் பேர் அடுத்தவன் வீட்டு விஷயத்தில் வந்து சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் எழுதிய அசிங்கத்தின்மேல் இன்னொருவர் துப்பிவிட்டுப் போகிறார். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். போன கிழமையைவிடக் கூட்டாளிமார் கூடியிருக்கிறார்களா என்றுதான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு, என் பழைய மாணவன் ஒருவனின் படம் வந்தது. கொழும்பில் ஒரு போன் கடையில் டை கட்டி, கூட வேலை செய்கிறவர்களின் தோளில் கைபோட்டு நின்றான். கீழே இருந்தது சிங்களப் பெயர். அப்பா வைத்த பெயரில் பாதியை வெட்டி, அதற்கொரு சிங்கள வாலை ஒட்டியிருந்தான்.

எல்லோரும் வாசிக்கும் அவனுடைய சுவரில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். "தம்பி, சந்தோஷம். ஆனால் இதென்ன பெயர்? அப்பா வைத்த பெயரை முழுசாய் எழுது." அத்தோடும் நிற்காமல் அந்த முழுப் பெயரை நானே எழுதி, தோட்டத்தின் பெயரையும், அவன் என் மாணவன் என்பதையும் சேர்த்தேன். பரீட்சைத் தாளில் பிழை திருத்திய திருப்தியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறுவரை அது அங்கேயே கிடந்தது. திரும்பப் போய்ப் பார்த்தபோது கீழே நீளமாய் எழுதியிருந்தார்கள். முதலாவது, "மச்சாங், உம்ப தெமளத?" நீ தமிழனா என்று கேட்டுப் பல்லிளிக்கும் ஒரு முகம். அதற்குக் கீழே இன்னொருவன், "கொட்டியெக்த?" புலியா என்று. அதற்கும் சிரிப்பு. தோளில் கைபோட்டு நின்ற அதே பையன்கள்.

அன்று பின்னேரம் அவனுடைய அம்மா என் வீட்டு வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவன் தமிழன் என்ற கதை காதில் விழுந்ததும், அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி பொலிஸுக்குச் சொல்லிவிட்டாளாம். இரண்டு நாள் உள்ளே வைத்து விசாரித்துவிட்டு விட்டார்களாம். கடையிலும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"அவன்கூட பஸ்ஸுல போனா நான் வேற சீட்டுல ஒக்காந்துக்குவேன் சேர். தண்ணி வேணுமாடான்னுகூட கேக்க மாட்டேன். பெத்தவ நானே வாயப் பொத்திக்கிட்டு வந்தேன். படிச்ச நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்களே."

"லெட்டர் மாதிரி அவனுக்கு மட்டும் போகும்னு நெனச்சேம்மா" என்றேன்.

அவள் நம்பினாள். "அது சரி, வயசானவங்களுக்கு அந்த மெஷின் எங்க வெளங்கப் போவுது" என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டுப் போனாள்.

எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. ஒருவருக்கு மட்டும் எழுதும் இடம் எது, எல்லோரும் பார்க்கும் சுவர் எது என்று முதலாளி முதல் நாளே காட்டித் தந்திருந்தார். டை கட்டி நிற்கிறவன் யாருடைய மாணவன் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் சுவரில் எழுதினேன். அந்தத் தளத்தின்மேல் எனக்குள்ள அருவருப்பில் பெரும்பங்கு என்மேல்தான். அடுத்த ஞாயிறு முதலாளியிடம் சொல்லி என் பக்கத்தை மூடினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு பலாங்கொடை பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். எனக்கு இருக்கை இல்லை. என்னை நேராகப் பார்த்தான். ஒரு கணம் "சேர்" என்று கூப்பிடுவான் என்று நினைத்தேன். எழுந்து, யாரோ ஒரு கிழவனுக்கு இடம் தருகிற குரலில், உட்காரச் சொல்லிச் சிங்களத்தில், "அங்கிள், வாடி வென்ன" என்றான்.

"ஸ்தூதி, புத்தா", நன்றி மகனே என்று நானும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.