ஜெறோம் மூச்சு எடுக்காத இடம்

முதலே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, கண்ணூறு, கழிப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. காணிக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரே துண்டுக் காணிக்கு மூன்று பேர் மூன்று உறுதிப் பத்திரத்தோடு வந்து, மூவரும் பெற்ற பிள்ளைகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதைக் கண்ட மனிதன் எதையும் இலகுவில் நம்பமாட்டான். அதோடு, பேய் என்று ஒன்று இருந்திருந்தால் வன்னியில் அவை எப்போதோ சங்கம் அமைத்து மாவட்டச் செயலகத்தின் முன்னால் பதாகை பிடித்திருக்கும். நடந்தது பின்னேரம் நாலு மணிக்கு, நல்ல வெயிலில், நான் ஒரு துளி குடித்திருக்கவில்லை. அதுவே என் வரலாற்றில் கொஞ்சம் அபூர்வம்தான், சிரியுங்கள், ஆனாலும் உண்மை.

'கரைவலை' என்று எங்கள் முல்லைத்தீவுக் கரையில் ஒரு றொக் இசைக்குழு இருக்கிறது. இரண்டு கிற்றார், ஒரு கீபோட், ட்ரம்ஸ், சினிமாப் பாட்டுப் பாடமாட்டோம் என்ற பிடிவாதம். உலகப் புகழ் பெற்ற பாடல்கள் அவர்களிடம் மூன்று உண்டு. உலகம் என்று நான் சொல்வது இங்கிருந்து மாங்குளம் சந்தி வரைக்கும். முதல் பாடகன் ஜெறோம், கரையில் பிறந்தவன், கனடா போய்விட்டான். ஏழு வருடமாக அவன் நின்ற இடத்தில் செல்வராஜ் நிற்கிறான். செல்வராஜ் துணுக்காயில் வயல் செய்கிறவன், தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒன்றரை மணித்தியாலம் மோட்டார் சைக்கிள் ஓடி வருவான்.

இந்த இரண்டு பேரில் யார் பெரியவன் என்பது பொஸ்கோவின் சலூனில் முடியாத வழக்கு. 'விளக்கில்லாத வள்ளம்' என்ற பாட்டின் இரண்டாம் சரணத்தில் 'கரையே' என்று ஒரு நீண்ட இழுவை வரும். ஜெறோம் அதை ஒரே மூச்சில் இழுத்து முடிப்பான். செல்வராஜ் நடுவில் ஒருதரம் மூச்சு எடுப்பான். அவ்வளவுதான். அந்த அரை விநாடிக்காக ஊரில் இரண்டு கட்சி. ஜெறோம் கட்சிக்கு நான் தலைவர், பொஸ்கோ எதிர்க்கட்சி.

"அண்ணை, ஜெறோம் சனத்தை மூச்சுத் திணற வைச்சவன். செல்வராஜ் சனத்துக்கும் சேர்த்தெல்லோ மூச்சு எடுக்கிறான்."

"மூச்சு எடுக்கிறதெண்டால் வீட்டை இருந்து எடுக்கலாம். அதுக்கேன் மைக்?"

"ஆடாமல் இருங்கோ. கத்தி கழுத்தில கிடக்கு."

கழுத்தில் கத்தி கிடக்கும் நேரங்களில் நான் நடுநிலையாளன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். செல்வராஜ் வந்த முதல் வருடம், அவன் அந்த இடத்தில் மூச்சு எடுத்தபோது முன் வரிசையிலிருந்து "ஜெறோம்!" என்று கத்தியவன் நான். பகிடிக்குத்தான். சனம் சிரித்தது. அடுத்த நிகழ்ச்சியில் பத்துப் பேர் கத்தினார்கள். பிறகு அது வழக்கமாகவே போய், ஜெறோமைக் கண்ணாலும் காணாத சின்னப் பிள்ளைகள்கூட அந்த இடம் வந்ததும் தாளம் பிசகாமல் கத்தும். ஊருக்கு நான் விட்டுப்போகும் ஒரே சொத்து இதுதான் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. செல்வராஜ் மலையகப் பேச்சில் "அண்ணே" என்று கூப்பிடுவதை எங்கள் கட்சிக்காரர் பழித்துக் காட்டுவார்கள், நானும் சிரித்திருக்கிறேன். நாங்கள் உண்மையில் மூச்சைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோமா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. ஜெறோமுக்குப் போன வருடம் தொண்டையில் ஒப்பரேசன். குரல் முற்றாகப் போய்விட்டது, ஒரு சொல் பேசமாட்டான், வட்ஸ்அப்பில் எழுத்து மட்டும்தான். இங்கே அவனோடு தொடர்பு உள்ள ஆள் நான் ஒருவன்தான். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. குரல் போன தலைவருக்காக எந்தத் தொண்டன் சண்டை பிடிப்பான்?

இந்த வருடம் மாதா கோவில் பெருநாள் அன்று பின்னேரம் சவரத்துக்குப் போனேன். போனில் சார்ஜ் இல்லை, சலூனில் குத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன். பொஸ்கோ இடது பக்கத்தை முடித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"செல்வராஜ் இண்டையோட விடுறானாம்."

"என்னத்தை?"

"பாட்டைத்தான். இண்டைக்கும் சனம் கத்தினால் மைக்கை வைச்சிட்டுத் துணுக்காய்க்குப் போறானாம், பிறகு இந்தப் பக்கமே வரமாட்டானாம். நீங்கதானே தொடங்கினது? வந்து அவனிட்டைச் சொல்லுங்கோ."

"என்னெண்டு?"

"பிழை எண்டு. அதுக்குப் பிறகுதான் உங்கட மற்றக் கன்னம்."

பாதி முகம் நுரையோடு இருக்கும் மனிதனால் பேரம் பேச முடியாது. பொஸ்கோ கடையைப் பூட்டினான். என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. கழுத்தில் துவாயோடு அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

கோவில் வளவில் ஒரு குருவி இல்லை. பெருநாள் மேடை போட்டாயிற்று, ஒலிபெருக்கிப் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கியாயிற்று, ஜெனரேற்றர் இன்னும் போடவில்லை, ஒலிபெருக்கிக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு செல்வராஜ் மட்டும் இருந்தான். மைக் இல்லாமல், வெறும் வாயால், தனக்குத்தானே 'விளக்கில்லாத வள்ளம்' பாடிக்கொண்டிருந்தான். சளி பிடித்து, குரலில் தடிமன். நாங்கள் அடுக்கிவைத்த கதிரைகளுக்குப் பின்னால் நின்றோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் உடனே முன்னால் போய் நிற்பதில்லை.

'கரையே' வந்தது. அவன் இழுத்தான், தடிமன் இடறியது, மூச்சு எடுத்தான்.

அந்த இடைவெளியில் பாட்டு நிற்கவில்லை.

இடது பக்கப் பெட்டியிலிருந்து ஒரு குரல் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. நம்பினால் நம்புங்கள், அது ஜெறோமுடைய குரல். மீசை முளைக்க முதல் அவன் பூசையில் பாடிய நாளிலிருந்து நான் கேட்ட குரல், இழுவையின் அடியில் மணல் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு, அது வேறு ஒருவருக்கும் கிடையாது. ஆனால் அவன் வழக்கமாகப் பாடுவது போல நெஞ்சை நிமிர்த்திப் பாடவில்லை. தாழ்வாக, செல்வராஜ் மூச்சை நிரப்பும் வரைக்கும் மட்டும், வலை இழுக்கும்போது ஒருவர் கை மாற்ற மற்றவர் கயிற்றைப் பிடித்திருப்பாரே, அப்படி. செல்வராஜ் திரும்பப் பிடித்ததும் அது விட்டுவிட்டது. மேடையில் நின்ற காலத்தில் ஒருவனுக்கும் மைக்கைக் கொடுத்தறியாத ஜெறோம்!

பொஸ்கோவின் நகம் என் கையில் இறங்கியிருந்தது. அப்போதுதான் செல்வராஜ் எங்களைக் கண்டான். அவன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

"குணம் அண்ணே, இன்னைக்காவது விடுங்கண்ணே. ஆளில்லாத மேடையிலயும் அவரு பாட்டைப் போன்ல போட்டுக் காட்டணுமா?"

"தம்பி, சத்தியமா நான் இல்லை. என்னட்டைப் போனே இல்லை." சட்டைப் பையையும் காற்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்று, ஒரு சீப்பு. பாதிச் சவரத்தோடு ஒரு கட்சித் தலைவர் அப்படி நின்றதை வேறு யாரும் பார்க்காதது மாதாவின் அருள்.

"என்ர போன் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள கிடக்கு, போய்ப் பார்," என்றான் பொஸ்கோ.

செல்வராஜ் பார்க்கவில்லை. மேடையிலிருந்து குதித்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். "போயிட்டு வாரேன்ணே. ராத்திரிக்கு வேற ஆளைப் பாடச் சொல்லுங்க."

"டேய், நில்லு," பொஸ்கோ ஓடிப்போய் மறித்தான். "உனக்குத் தடிமன். நீ இண்டைக்கு வழக்கமான இடத்திலயே மூச்சு எடுத்தனீ?"

செல்வராஜ் நின்றான். சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அந்த வரியை மனதுக்குள் பாடிப் பார்த்தான்.

"இல்ல. முன்னாலயே எடுத்துட்டேன்."

"இண்டைக்கு முன்னால எடுப்பாய் எண்டு உனக்கே தெரியாது. போனுக்கு என்னெண்டடா தெரியும்?"

மூன்று பேரும் இடது பக்கப் பெட்டியைப் பார்த்தோம். செல்வராஜ் போய் அதன் மேலே கிடந்த வயரைத் தூக்கினான். பெட்டியில் இன்னும் குத்தவே இல்லை, சுருள் அவிழ்க்காமல் றப்பர் வளையம் போட்டபடி கிடந்தது.

அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. "தம்பி, அந்தக் கத்தல் நான் தொடங்கினது. பிழை."

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் முகத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "இவ்வளவு மெதுவா அவரு பாடுவாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

மற்றக் கன்னம் அன்றைக்கு முடியவில்லை. பொஸ்கோவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கைக்குக் கழுத்தைக் கொடுக்கும் அளவுக்கு நான் எதையும் நம்புகிறவன் அல்ல. அன்றிரவு செல்வராஜ் பாடினான். இரண்டாம் சரணம் வந்தது, சனம் கத்துவதற்கு வாயைத் திறந்தது, நான் முன் வரிசையில் எழுந்து சனத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் உயர்த்தினேன். மேடை வெளிச்சத்தில் ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் நரைத்த தாடியோடு நின்ற என்னைக் கண்டு சனம் சிரித்த சிரிப்பில் கத்த மறந்துவிட்டது. செல்வராஜ் மூச்சு எடுத்தான், யாரும் நிரப்பவில்லை, தானே முடித்தான். அடுத்த ஒத்திகைக்கும் வந்தான். இன்றைக்கும் வருகிறான். கட்சியை நான் கலைத்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால், வெயில், பசி, குற்ற உணர்ச்சி என்று நானே உங்களுக்கு மூன்று விளக்கம் தந்திருப்பேன். மறுநாள் காலை பொஸ்கோ கடையைத் திறந்தான். போனைச் சார்ஜிலிருந்து கழற்றினேன். ஜெறோமிடமிருந்து ஒரு செய்தி, இரண்டு மாதத்துக்குப் பிறகு. வந்த நேரம் முந்தின நாள் பின்னேரம் நாலு பதினேழு. நாங்கள் மூவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். அங்கே விடிந்தும் விடியாத பொழுது.

"செல்வராஜுக்குத் தடிமனோ?"

அவ்வளவுதான். செல்வராஜிடம் ஜெறோமுடைய நம்பர் இல்லை. பொஸ்கோவின் போனை வாங்கி நானே சோதித்தேன், ஒரு குடும்பஸ்தனின் போனில் பார்க்கக்கூடாத சிலதையும் பார்த்தேன், ஜெறோமுக்கு ஒரு வரி போயிருக்கவில்லை.

மூன்று மாதமாகிறது. நான் வாசித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும், இரண்டு நீலக் குறி போயிருக்கும். 'ஓம்' என்று எத்தனையோ தரம் எழுதி அழித்துவிட்டேன். சின்னச் சொல்தான். ஆனால் அதை அனுப்பினால் அவன் அடுத்ததாக என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியவில்லை.