கடற்கரைக் கோயில் புத்தகத்தில் இருந்த மல்ரூனி

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். டெரன்ஸ் மல்ரூனி இறந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நான் அவரிடம் மறைத்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம் பங்கு இதழில் இது வெளிவந்தாலும் சரி, ஆசிரியர் கிழித்துப் போட்டாலும் சரி.

செய்தி என் வகுப்பறைக்கே வந்தது. அவரோடு இன்ஜினில் கரி தள்ளிய ஏழுமலை ஜன்னலோரம் நின்று, "வாத்யாரே, நம்ம மல்ரூனி தொரை பூட்டாரு. டீ குட்ச்சிகினே இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றான். கரும்பலகையில் பாதி எழுதியிருந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

அடக்கத்தன்று பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரே மகள் ரோசிடம் போய்ச் சேர ஆசைப்பட்டார், விதி விடவில்லை என்றார்கள். அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் கடைசிக் காலத்தில் டோல்கேட் பக்கம் அவர் வீட்டுப் படி ஏறியதில்லை. அது போகட்டும். அவரைத் தடுத்தது விதி அல்ல.

ராயபுரம் லோகோ ஷெட்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர் மல்ரூனி. அவருடைய கொள்ளுத்தாத்தா பேட்ரிக், போன நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து படைவீரனாகக் கப்பலேறி மதராசுக்கு வந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். தகப்பன் வழி முன்னோர் ஐரோப்பாவில் இன்ன ஊரில் பிறந்தவர் என்பதற்கு ஆஸ்திரேலிய அதிகாரிகள் எழுத்துச் சான்று கேட்டார்கள். ரோஸ் தன் கணவன் வழிக் காகிதங்களைக் காட்டிப் போய்விட்டாள். தகப்பனிடம் காகிதம் இல்லை. எனக்கு லத்தீன் தெரியும். ஞாயிறுகளில் பங்குச் சாமியாருக்காகப் பழைய பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதித் தருபவன் நான். அதனால் என்னைத் தேடி வந்தார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது வேறொன்று. யுத்த காலத்துக் கிறிஸ்துமஸ் ஒன்றில் சாமியார் கொடுத்த அழைப்பை நம்பி, மனைவியோடு ரயில்காரர்கள் கிளப்புக்குப் போனேன். வாசலில் நின்றவர் மல்ரூனி. "வாத்யாரே, இது எங்காளுங்க பார்ட்டி. ஃபாதருக்குத் தெரியாது, குட்த்துட்டாரு. தப்பா நெனச்சுக்காத" என்றார். என் மனைவி கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். மறுவாரமே அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

இருந்தும் தேடினோம். துரைமார் கோயில் என்று நாம் சொல்லும் பெரிய கோயிலின் பதிவேடுகளை ஒவ்வொரு ஞாயிறும் புரட்டினோம். புத்தகத்தைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி வருவார். ஒரு நாள் மல்ரூனி என்ற பெயர் அகப்பட்டது. மூன்று நாளில் இறந்துபோன குழந்தை, வேறு குடும்பம். மல்ரூனி தொப்பியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டார். "யார் பெத்த புள்ளயோ, இத்தினி வருசமா ஒருத்தரும் கேக்கல" என்றார். அன்று ஒரு கணம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

நம் வழக்கப்படி திருமணம் பெண்ணின் பங்குக் கோயிலில்தான் நடக்கும். பேட்ரிக் யாரை மணந்தார் என்று கேட்டேன்.

"லண்டன்லேந்து வந்த பொம்பள. எங்க வூட்ல அப்டித்தான் சொல்லிகினு கீறாங்க."

"கடற்கரைக் கோயில் புத்தகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "இன்னா பேச்சு பேசற? எங்க பாட்டி இன்னா கட்டுமரத்துக்காரியா? மீன்காரங்க புத்தகத்துல எங்காளு எதுக்கு வரான்?"

நான் கட்டுமரக்காரன் பேரன். அது அவருக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது புத்தகத்திலேயே இருந்தது. மணமகன் பேட்ரிக் மல்ரூனி, படைவீரன். பிறந்த சிற்றூர், கார்க் மாவட்டம், அயர்லாந்து, தகப்பன் பெயர், எல்லாம் தெளிவாக இருந்தன. மணமகள் சவேரியம்மாள், கட்டுமரக்காரன் மகள். அவள் தெரு என் தெரு. நகல் எழுதிச் சாமியாரிடம் முத்திரை வாங்கினேன். என் அகராதிக்குள் வைத்து மூடினேன். ஒரு மன்னிப்புக்காகக் காத்திருந்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் அலைவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் கேட்பார்: "இன்னா வாத்யாரே, பாட்டன் ஆப்ட்டாரா?" இல்லை என்று தலையசைப்பேன். "பரவால்ல, சிக்னல் உழுற வரிக்கும் வண்டி நிக்கத்தான் செய்யும்" என்பார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. ரோசுக்கு அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

கடைசியாக நான் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது.

"வாத்யாரே, அன்னிக்கு நீ ஒரு புத்தகம் சொன்ன இல்ல, அதயும் பாத்துடேன். கட்டுமரத்துக்காரியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். எனக்கு என் பேத்திய பாக்கணும்யா."

அப்போது சொல்லியிருக்கலாம். பத்து நிமிட நடையில் என் வீடு, அலமாரியில் அகராதி. ஆனால் நகலில் இருந்த தேதியைப் பார்த்தால் இத்தனை நாள் வைத்திருந்தது தெரிந்துவிடும். மானம் போகுமே என்று பயந்தேன். "பார்க்கிறேன்" என்றேன். புது நகல் ஒன்று எழுதி ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாம் என்று திட்டமிட்டேன். ஏழுமலை வியாழக்கிழமை வந்தான்.

கிளப்பு வாசலில் அவர் செய்தது சிறுமைதான். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அது ஒரு மாலைப்பொழுதுச் சிறுமை. என்னுடையது இரண்டு ஆண்டு நீண்டது. அவர் தடுத்தது ஒரு விருந்தை. நான் தடுத்தது ஒரு பேத்தியின் முகத்தை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி ஒன்றுதான். பூசை முடிந்து வெளியே வரும்போது இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த இடத்தில் என் நடை தானாக நின்றுவிடுகிறது.

நகலை நேற்று ரோசுக்கு அனுப்பிவிட்டேன். எழுதியவன் கையெழுத்து இல்லாத நகல் செல்லாது. அதனால் அதில் என் முழுப்பெயரும், எழுதிய தேதியும், கூட வைத்த கடிதத்தில் தாமதத்தின் காரணமும் இருக்கின்றன. அவள் என்னைச் சபிக்கட்டும், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. இதை எழுதியவன் யார் என்று உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனாலும் அஞ்சலி என்று அச்சாகும் தாளில், அவர் பெயருக்குக் கீழே நிற்க என் பெயருக்குத் தகுதியில்லை. கையெழுத்திடாமலே தபாலில் போடுகிறேன்.