மடிக்குப் போகும் கை

தம்பிஐயாவுக்கு ஒரு பழக்கம். யாரைக் கண்டாலும் வலது கை மடிக்குப் போகும். இடுப்பில் வேட்டி மடித்துச் செருகிய இடத்துக்குள் எப்போதும் ஐந்தாறு சுருட்டு இருக்கும். இரண்டை உருவுவார். ஒன்று தனக்கு, மற்றது எதிரே நிற்கிறவருக்கு. பஸ் கொண்டக்டர், ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார், தண்ணீர் இறைக்கிற மெஷினைத் திருத்த வந்தவர், கல்யாணத் தரகர் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். சண்டிலிப்பாயில் சொந்தத் தோட்டத்துப் புகையிலை, பக்கத்துக் கொட்டிலில் சுற்றிய சுருட்டு. புகை பிடிக்காதவர்கூட வாங்கிக் காதில் செருகிக்கொண்டு போவார்.

அந்தக் கையைத்தான் அவருடைய மனைவி தங்கமுத்து கடைசி மூன்று வருஷமும் காவல் காத்தாள். வெங்காயம் நட்டாள், மாடு பார்த்தாள், சமைத்தாள். ஆனால் கண் அந்தக் கையில்தான் இருந்தது.

தம்பிஐயா தன் சுருட்டை இவ்வளவு நம்பியதற்குக் காரணம் உண்டு. வாலிப வயதில் தெற்கே ஒரு சிறு பட்டணத்தில் சுருட்டுக் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்து போயிற்று. எதிரே பாண் ரொட்டி சுடும் போறணை வைத்திருந்த சிங்கள மனுஷன் இவரை மா மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்து வைத்து, மூன்றாம் நாள் பத்திரமாக ரயில் ஏற்றிவிட்டார். தினமும் இவரிடம் ஒரு சுருட்டு வாங்கிப் பிடித்த மனுஷன் அவர். "என்னைக் காப்பாத்தினது சுருட்டுத்தான்" என்று தம்பிஐயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தங்கமுத்துவுக்கு அந்தக் கதை பிடிக்காது. மூன்று வயது மகள் கனகாம்பிகையை வைத்துக்கொண்டு, புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாலு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள் அவள். போறணைக்காரருக்கு நன்றி சொல்லி விளக்கு வைத்தாளே தவிர, கடையை எரித்தவர்களும் அதே சுருட்டைப் பிடித்தவர்கள்தான் என்பதை அவள் மறக்கவில்லை.

எண்பதாம் ஆண்டு கனகாம்பிகைக்குத் தலைப் பிரசவம். அவள் கலியாணம் கட்டிப் போயிருந்தது அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கத்து ஒரு பெரிய பட்டணத்துக்கு. அதன் பெயர் கடைசிவரை தங்கமுத்துவின் வாயில் நுழையவில்லை. மருமகன் தில்லைநாதன் டிக்கெட் அனுப்ப, பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு, மிளகாய்த்தூள், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், இருநூறு சுருட்டு எல்லாவற்றோடும் இரண்டு பேரும் போய் இறங்கினார்கள்.

அங்கே முதலில் தங்கமுத்துவைப் பயமுறுத்தியது குளிரோ உயரமோ அல்ல. குளிரே இல்லை, ஊரைவிட வெயில். தெருவில் ஆள் இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் ஆறு பஸ் பக்கத்தில் பக்கத்தில் போகக்கூடிய தெரு தெரியும். கார் போகும், கார் வரும். ஒரு மனுஷர் கால் நிலத்தில் படாது.

"ஆக்கள் எல்லாம் எங்கை தம்பி?" என்று தம்பிஐயா மருமகனிடம் கேட்டார்.

"காருக்குள்ளை மாமா. இஞ்சை ஒருத்தரும் நடக்கிறேல்லை. நான் வேலைக்குப் போற நேரம் நீங்கள் தனிய வெளிக்கிடாதேங்கோ. நடந்து போனால் சந்தேகப்படுவினம்."

"நடக்கிறதுக்கே சந்தேகம்?" தம்பிஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கமுத்து சிரிக்கவில்லை. ஒரு ஊரில் நடப்பதே குற்றம் என்றால் அது என்ன ஊர் என்று யோசித்தாள். இருந்தும், கடைசியில் வெளிக்கிட வைத்தவள் அவள்தான். அதை அவள் பிறகு தனக்குத்தானே எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து தில்லைநாதன் டெலிபோன் எடுத்தான். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். சந்தோஷத்தில் வாய் தவறி இன்னொன்றையும் சொல்லிவிட்டான்: பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ் போட்ட தண்ணீரும் குளிர்ந்த பாணும் கொடுத்தார்களாம். தங்கமுத்து டெலிபோனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். ஐஸ் தண்ணியா! ஜன்னி கண்டால் யார் பொறுப்பு? பின்னேரம்வரை இருக்க ஏலாது என்று மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைத்துச் சோற்றோடு கரியரில் அடுக்கினாள். ஆஸ்பத்திரி ஜன்னலிலேயே தெரிந்தது. உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிற வெள்ளைக் கட்டடம்.

"உந்தா தெரியுது. எங்கடை ஊரிலை மானிப்பாய்க்கு நடக்கிற தூரமும் வராது" என்றாள். தம்பிஐயாவும் வேட்டியைக் கட்டிச் சால்வையைப் போட்டுக்கொண்டார். ஒரு மாதமாக வீட்டுக்குள் கிடந்த மனுஷனுக்கு நடக்கக் கிடைத்ததே பெரிய புளுகம், வாயெல்லாம் சிரிப்பு.

பக்கத்தில் தெரிவது பக்கத்தில் இருக்காது என்பது அந்தப் பட்டணத்தில்தான் அவர்களுக்குப் புரிந்தது. நடைபாதை கொஞ்சத் தூரம் போய், காரணம் சொல்லாமல் புல்லுக்குள் முடிந்து போயிற்று. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. ஊரில் செய்கிறதுபோல தம்பிஐயா தெருவோரம் நின்று கையை நீட்டினார். பஸ் திரும்பியும் பார்க்காமல் போயிற்று. நிற்கிற கம்பம் எங்கேயோ இருந்தது. குறுக்கே வந்த பெருந்தெருவைக் கடக்க வழியில்லை. ஒரு பாலத்தின் அடியால் சுற்றினார்கள். பாலத்தடி நிழலில் இரண்டு பேர் துணி மூட்டைகளோடு படுத்திருந்தார்கள். ஒருவன் கண்ணைத் திறந்து இவர்களைப் பார்த்தான்; பார்த்துக்கொண்டே இருந்தான். தங்கமுத்து கரியரை மறு கைக்கு மாற்றினாள்.

பாலத்துக்கு அப்பால் வீடுகள் நிறைந்த தெரு. வெள்ளைக் கட்டடத்தைக் காணவில்லை. புல்லெல்லாம் ஒரே அளவில் வெட்டியிருந்தது. வாசலில் ஆளில்லை, பேச்சுச் சத்தமில்லை. ஒரு வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நாய் குரைத்தது. வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. ஒரு ஜன்னலில் திரை விலகியது. இரண்டு வீடு தள்ளி இன்னொரு திரை.

"இஞ்சாருங்கோ, ஆரோ பாக்கினம்."

"பாக்கட்டும். நாங்கள் என்ன களவெடுக்கவே வந்தனாங்கள்?"

"திரும்பிப் போவமே?"

"எந்தப் பக்கத்தாலை வந்தனாங்கள் எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது. அப்போதுதான் பின்னால் ஒரு கார் மெல்ல வருவதை அவள் கவனித்தாள். அவர்கள் நடக்கிற வேகத்துக்கே வந்தது. நின்றார்கள், அதுவும் நின்றது. கூரையில் விளக்கு. இறங்கியவன் இளம் பொலிஸ்காரன், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தான். கார்க் கதவைத் தனக்கு முன்னால் மறைவாகப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டான்.

தம்பிஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பொலிசு வந்திட்டான், இனி என்ன பயம்? வழி கேப்பம்" என்று சொல்லிக்கொண்டு அவனை நோக்கி நடந்தார். வலது கை மடிக்குப் போயிற்று.

பொலிஸ்காரன் கத்தினான். கையில் துவக்கு வந்தது எப்போது என்று தங்கமுத்து காணவில்லை. தம்பிஐயா தலையாட்டிச் சிரித்தபடி இன்னும் ஒரு அடி வைத்தார். கை மடிக்குள் துழாவியது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பொடியனின் முகத்தில் இருந்தது பயம் என்பது தெரிந்தது. பயந்தவன் கையில் துவக்கு. கரியரை அப்படியே கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து புருஷனின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். "அசையாதேங்கோ!" என்று கத்தினாள். பிடியை விடாமல் அந்தக் கையை மெல்ல மெல்ல வெளியே எடுத்தாள். விரல்களுக்கிடையில் இரண்டு சுருட்டு.

கரியர் உருண்டு சரக்குக் கறி தார் ரோட்டில் ஊற்றுண்டு கிடந்தது. பொலிஸ்காரன் துவக்கை உறையில் வைக்க இரண்டு தரம் முயன்றான். பிறகு மருமகன் எழுதிக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி விலாசத் துண்டைப் பார்த்து, இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் விட்டான். இறங்கும்போது தம்பிஐயா சுருட்டை நீட்டினார். அவன் கொஞ்சம் யோசித்து, வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

"இடுப்பிலை துவக்கு எண்டு நினைச்சாராம், மாமா" என்றான், வாசலில் பொலிஸ்காரனோடு பேசிவிட்டு வந்த தில்லைநாதன். "மாமி பிடிச்சிராட்டில் சுட்டிருப்பாராம். அவரே சொல்லுறார்."

"கடைசியிலை வாங்கினவன்தானே!" என்றார் தம்பிஐயா.

இந்த மனுஷனை என்ன செய்வது? மரணத்துக்கும் தனக்கும் இடையில் மனைவியின் பிடி மட்டும் இருந்ததை அவர் விளங்கிக்கொள்ளவில்லை. சுருட்டு மறுபடியும் வென்றுவிட்டது என்றுதான் விளங்கிக்கொண்டார். ஆனாலும் மனதில் குத்தியிருக்க வேண்டும். பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும், "மடியிலை கைவைக்க ஏலாத நாடு எனக்குச் சரிவராது. என்ரை ஊரிலை என்ரை இடுப்பிலை என்ன கிடக்குது எண்டு ஆர் கேக்கிறது?" என்று பெட்டியைக் கட்டினார்.

"அம்மா, நீங்களாவது நில்லுங்கோவன். பிள்ளைக்கு ஒரு வயசு வரட்டும்" என்று கனகாம்பிகை அழுதாள். குழந்தை தங்கமுத்துவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. நிற்கத்தான் அவளுக்கு ஆசை, கொள்ளை ஆசை. ஒரு இரவு முழுக்க யோசித்தாள். அவர் தனியே போனால் கையை யார் பிடிப்பது? மகளிடம் அதைச் சொல்லவில்லை. மாடு கன்று போடுகிற நேரம் என்று ஏதோ சாட்டுச் சொன்னாள்.

ஊரில் தம்பிஐயா கொட்டிலுக்குக் கொட்டில் அந்தக் கதையைச் சொன்னார். "சுருட்டு எடுக்கப் போனால் அவன் துவக்கு எடுக்கிறான்!" பக்கத்து வளவு நடராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். தங்கமுத்துவோ தெருவில் இறங்கினால் புருஷனின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். "அமெரிக்காவிலை பழகினதோ அக்கா? இந்த வயசிலை தேனிலவோ?" என்று நடராசா பகிடி பண்ணுவான். அவள் விடமாட்டாள்.

எண்பத்தொன்றும் போய் எண்பத்திரண்டும் போயிற்று. இராணுவத்தின் பச்சை ட்ரக்குகள் பெருந்தெருவால் போவது கூடிக்கொண்டு வந்தது. முதலில் சனம் நின்று பார்த்தது. பிறகு பார்க்காமல் நடந்தது. பிறகு சத்தம் கேட்டதும் பக்கத்துச் சிறு ஒழுங்கைகளுக்குள் இறங்கிக்கொண்டது. எண்பத்துமூன்றில் சில நாட்கள் காலை பத்து மணிக்கே தெருவில் ஆள் இருக்காது. பனையோலை வேலிப் பொட்டுகளுக்குள்ளால் கண்கள் மட்டும் பார்க்கும். தங்கமுத்து வாசல் படலையில் நின்று அந்த வெறுந்தெருவைப் பார்க்கும்போதெல்லாம் புருஷன் எங்கே என்று திரும்பித் தேடுவாள். இதை அவள் ஒருதரம் பார்த்திருக்கிறாள்.

இப்போது நடராசாவும் பகிடி பண்ணுவதில்லை. தம்பிஐயாவுக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. "அந்த ஆமிக்காரங்கள் எங்கடை சுருட்டுப் பிடிச்சு வளர்ந்தவங்களப்பா. எனக்கு அவங்கடை பாஷையும் தெரியும். நீர் ஏன் பயப்பிடுறீர்?" என்பார். தங்கமுத்து ஒவ்வொரு நாளும் காலையில் மடியிலிருந்த சுருட்டுகளை எடுத்துச் சால்வைத் தலைப்பில் முடிந்து விடுவாள். அவர் படலை தாண்டியதும் அவிழ்த்து மடிக்குள் வைத்துக்கொள்வார். அவளுக்கும் அது தெரியும். ஆகவே பெருந்தெருவைக் கடந்து தோட்டத்துக்குப் போகிறவரை கூடவே போவாள்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள், தேத்தண்ணி குடிக்க அவர் வீட்டுக்கு வந்திருந்த நேரம், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. நீல விளிம்புக் கடிதம். உள்ளே பேத்தியின் படம். கதிரையில் ஏறி நிற்கிறாள், ஒரு கையைத் தூக்கி யாருக்கோ காட்டுகிறாள்.

தம்பிஐயா எட்டிப் பார்த்தார். "மூக்கு என்ரை மூக்கு" என்றார். பிறகு, "மெஷின் ஓடுது. தண்ணி பாத்தியை உடைக்கப் போகுது, நான் வாறன்" என்று சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"நில்லுங்கோ, நானும் வாறன். இந்தக் கடிதத்தை ஒருக்கால் பாத்திட்டு."

"பாத்திட்டு ஆறுதலா வாரும்."

அவள் நிமிரவில்லை. அதுதான் அவள் செய்த பிழை, பிழையென்று அதைச் சொல்லலாமென்றால். இரண்டரை வருஷமாகக் காணாத பேத்தியின் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஐந்து நிமிஷம் வேண்டியிருந்தது. பிள்ளை இப்போது ஓயாமல் பேசுகிறாளாம், 'அம்மம்மா' என்று படத்தைக் காட்டிச் சொல்கிறாளாம். அடுத்த வருஷம் வருவோம் என்று மகள் எழுதியிருந்தாள். அந்த வரியை அவள் இரண்டாம் தரம் வாசிக்கும்போது ட்ரக் ஒன்று வேகம் குறைந்து நிற்கிற சத்தம் கேட்டது.

படம் கையில் இருக்கவே ஓடினாள். ஒழுங்கை நீளம் அன்றுபோல் என்றும் இருந்ததில்லை. யாரோ கத்துவது கேட்டது, ஒரு இளம் குரல், அவளுக்கு விளங்காத பாஷை. ஆனால் அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். "அசையாதேங்கோ!" என்று கத்தினாள். ஒழுங்கை பாதிகூடத் தாண்டவில்லை. வெடி ஒன்றுதான் கேட்டது.

ட்ரக் போன பிறகுதான் நடராசா வேலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். "சிரிச்சுக்கொண்டுதான் போனவர் அக்கா. அவங்கடை பாஷையிலை 'மல்லி' எண்டு, தம்பி எண்டு கூப்பிட்டவர். கை மடிக்குப் போயிட்டுது…"

தம்பிஐயா தெருவோரப் புல்லில் ஒரு பக்கமாகக் கிடந்தார். கை வெளியே வந்துவிட்டிருந்தது. விரல்களுக்கிடையில் இரண்டு சுருட்டு இருந்தன.

தங்கமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சனம் கூடியது, விதானையார் வந்தார், தூக்கவேண்டும் விடுங்கோ என்று எல்லாரும் கெஞ்சினார்கள். பொழுது சாயும்வரை அவள் விடவில்லை.