இருசப்பனின் இரண்டாம் விளக்கு

டீ வந்ததும் இருசப்பன் குடிப்பதில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார், பெஞ்சில் வைக்கிறார், தெருவைப் பார்க்கிறார். ஆவி அடங்கியதும் மறுபடி முகர்கிறார். பிறகுதான் முதல் வாய்.

"வெசம் வெச்சா நானே சொல்லிடறேன் மாமா. இப்பிடி மோந்து மோந்து என் யாவாரத்தக் கெடுக்காத" என்பார் கடைக்காரர் பலராமன்.

"மொத வாட்டி எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்பார் இருசப்பன்.

ஐம்பது வயதிருக்கும். இடது காதும் கழுத்தும் பழைய தீயில் சுருங்கிப்போனவை. அதற்காகவே சட்டைக் காலரைத் தூக்கி விட்டிருப்பார். அடி அண்ணாமலையில் கிணறு ஆழப்படுத்துகிறவர்களுக்கு அவர் விளக்குக்காரர். ஆள் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். சுடர் நின்றால் இறங்கலாம். அவிந்தால் கெட்ட காற்று. எல்லா ஊரிலும் செய்வதுதான். ஆனால் இவர் இரண்டு முறை செய்கிறார். வேலைக்கு முன் ஒன்று. வேட்டு வைத்துப் பாறையைப் பெயர்த்த பிறகு இன்னொன்று. அந்த இரண்டாம் விளக்குக்கு ஊரில் மரியாதை கிடையாது.

இங்கே வருமுன் பதினோரு வருஷம் கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தவர். இதை எனக்குச் சொல்ல அவருக்கு நாளாயிற்று. முதலில் என்மேல் சந்தேகம். ஒரு காலை, டீக்கடையில் பத்திரிகை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா எழுதற? யாருக்குப் போவுது இது?"

"யாருக்கும் இல்லீங்க. கவிதை."

"அடியில யாரு கைநாட்டு வெக்கணும்?"

யாரும் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. மூன்று நாள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் பென்சிலையே பார்த்தார்.

நான்காம் நாள் என் கையைப் பிடித்து விரல்களை மடக்கினார். "இறுக்கு. உள்ள ஊது." ஊதினேன், முட்டிக்குள் காற்று நுழையவில்லை. "இப்பத் தளத்து." நுழைந்தது.

"அவ்ளோதான் தம்பி கரி. மேல அவ்ளோ பாறை குந்திக்கினு இருக்குது. அந்தப் பாரத்துல கரியில இருக்கிற கீறலெல்லாம் வாய மூடிக்கும். காத்து உள்ளயே அடங்கிக் கெடக்கும். வெளக்கு இன்னா சொல்லும்? ஒண்ணுமில்லனு சொல்லும். பக்கத்துல வெட்டி எடுத்தா பாரம் கம்மி ஆயிடும், கீறல் தொறந்துக்கும். காலைல நல்லவனா இருந்த சொவரு மதியத்துல ஊதும்."

ஒரு நாள் அப்படித்தான் ஊதியது. காலையில் இவர் பார்த்தபோது சுடர் சுத்தமாக இருந்திருக்கிறது. வேட்டுக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்கிறேன் என்றாராம். மேஸ்திரி அவசரப்பட்டு, கூட்டாளி மல்லையாவை உள்ளே அனுப்பிவிட்டார். வாயு தீப்பிடித்துக்கொண்டது. தீயிலிருந்து மல்லையாவை இழுக்கப் போனதில் இவருக்குக் காதும் கழுத்தும் வெந்தன, மல்லையா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தெலுங்குக் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். வேலை போன பிறகுதான் யாரோ படித்துச் சொன்னார்கள்: "விளக்கை நான் சரியாகப் பார்க்கவில்லை."

அன்று இவர் நிஜமாகவே இன்னொரு முறை பார்க்கிறேன் என்றாரா, சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்து நினைத்துச் சொன்னதாகவே ஆகிவிட்டதா? எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்கும் உண்டோ என்று ஒரு சந்தேகம்.

போன வருஷம், எண்பத்திரண்டில், மழை பொய்த்தது. இந்தச் சித்திரையில் கோதண்டராமன் தம் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினார். காலை விளக்கு நன்றாக எரிந்தது. வேட்டு வெடித்துப் புகையும் கலைந்த பிறகு, கல் அள்ளுகிற தருமன் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு வந்தான். இருசப்பன் குறுக்கே நின்றார்.

"யோவ், இது கருங்கல்லு. உங் கரி இங்க எங்க வந்திச்சி?" என்றார் கோதண்டராமன்.

"கல்லு பேர மாத்தி வெச்சிக்கும்ங்க."

"மாமா, நீ வெளக்கு எறக்கறதுக்குள்ள தண்ணியே ஊறிடும்" என்றான் தருமன். எல்லோரும் சிரித்தார்கள்.

விளக்கு இறங்கியது. அடியில் சுடர் நின்றது, ஆடக்கூட இல்லை. மறுபடி சிரிப்பு. இருசப்பன் யாரையும் பார்க்கவில்லை. சுடரை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே விட்டுவைத்து, பிறகு இழுத்தார். தருமன் இறங்கினான், கல்லை அள்ளி அனுப்பினான், சாயங்காலம் ஏறி வந்து பீடி பற்றவைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கிணற்றடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் இருசப்பன் நேரே வந்தார். "அந்தப் பென்சில எடு. இருசப்பன் வெளக்க ரெண்டு வாட்டி பாத்தான்னு எழுது. தேதி போடு. மணி போடு."

பத்திரிகையின் பின்னட்டையில் எழுதினேன்.

"படி."

படித்தேன். அவர் தலையாட்டவில்லை. பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, ஐந்தாவது வரை படித்த தருமனிடம் நீட்டினார்.

"நீ படி."

தருமன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். அதே வார்த்தைகள். இருசப்பன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, படிந்திருந்த கரியை எடுத்து, அந்த வரிக்குக் கீழே விரலை அழுத்தி வைத்தார்.