மிக்கேலம்மாள் குடித்த தண்ணீர்

குளச்சலிலிருந்து மீன் நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் சுமந்துகொண்டு எங்கள் இரணியல் தெருவுக்கு வரும் மிக்கேலம்மாள், வெயில் எப்படிக் கொளுத்தினாலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் பகவதியம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். இவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவாள்.

"ஏட்டி, எனக்க கெணத்து வெள்ளம் குடிச்சா ஒனக்க வேதம் கெட்டுப் போவுமா?" என்று பகவதியம்மாள் பொரிந்து தள்ளுவாள். அந்தக் கோபத்தை மீன் பேரத்தில் தீர்த்துக்கொள்வாள்.

1952-ல் மிக்கேலம்மாள் ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்று சவேரியாருக்கு நேர்ந்திருந்தாள். ஒரு நாள் பகவதியம்மாள் வாசலில் கடவத்தை இறக்கியவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது, குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எனக்க பிள்ள" என்று அழுதாள். பகவதியம்மாள் மீனை அப்படியே போட்டுவிட்டு, அவளைப் பஸ்ஸில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே நர்ஸ் நேசபாய் கேட்டாள்: "ஒண்ணுக்கு வந்தா அடக்கி வைப்பியா?"

மிக்கேலம்மாள் தரையைப் பார்த்தாள். "வெடியதுக்கு முன்ன போனா, பொறவு இருட்டினாத்தான். கடவத்த வச்சிட்டு வழியில எங்க போவ? அதான் வெள்ளமே குடிக்கதில்ல. எங்க மீன்காரிய எல்லாரும் இப்பிடித்தான்."

பகவதியம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

நேசபாய் பொறுமையாகச் சொன்னாள். எல்லார் குடலிலும் கிருமிகள் குடியிருக்கின்றன; அங்கே இருக்கிறவரை அவை பரம சாது. பக்கத்து வழியாக மூத்திரப்பைக்குள் நுழைந்துவிட்டால்தான் வினை. நிறையத் தண்ணீர் குடித்து அவ்வப்போது போய்வந்தால் பெரும்பாலும் அவை மூத்திரத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கி வைத்தால் அங்கேயே பெருகி, சிறுநீரகம்வரை ஏறிக் காய்ச்சலைக் கிளப்பும். பிள்ளையையும் காலத்துக்கு முன்பே வெளியே தள்ளிவிடும்.

ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. வயிற்றுப் பிள்ளை உதைத்தபோது, மிக்கேலம்மாள் நேசபாயின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பகவதியம்மாள் புருஷன் தாணுமாலயனை உட்காரவிடவில்லை. கிணற்றுக்கு எட்டத்தில், கொல்லை மூலையில், ஒதுங்குவதற்கு ஓலை மறைப்புக் கட்டவைத்தாள்.

"மீன்காரிகளுக்கா?" என்று அவர் இழுத்தார்.

"மீன் திங்கது யாராம்?"

மனிதர் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓலை வெட்டப் போனார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மிக்கேலம்மாள் மறுபடி வியாபாரத்துக்கு வந்த அன்று, கடவத்தை இறக்கியதும் அவளே கையை நீட்டினாள்.

"எக்கா, வெள்ளம் தா."

ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

பகவதியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு மீனுக்குப் பேரம் பேசவே அவள் மறந்துபோனாள்.