பெரிய கார்டு தூங்கிய வரவேற்பு

ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. காலையில் சர்ச்சில் எடுத்த வீடியோவைத் திரையில் காட்டும் நேரத்தில் கரண்ட் போனது. கம்பளிக் குல்லா போட்ட வீடியோக்காரப் பெண்ணின் லேப்டாப்பிலும் சார்ஜ் கொஞ்சம்தான். மணப்பெண் முகம் வாடிவிட்டது.

"படம் காட்டுற பெரிய கிராபிக்ஸ் கார்டை நிறுத்திட்டு, உள்ளேயே இருக்கிற சின்னதுல ஓட்டுங்க. பேட்டரி தாங்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே கணினி வித்தை அது.

"இவனைத் தூங்க வெக்கறதுக்கா வாங்குனேன்?" என்றவர், லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார். "கொஞ்ச நேரம் படுத்துக்க சாமி."

எல்லோரும் லேப்டாப் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசிக் காட்சிவரை ஓடியது. மணப்பெண் கைதட்டினாள். வீடியோக்காரப் பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவன் ஓட்டியிருந்தா நொம்பப் பளிச்சுனு இருந்திருக்குமுங்க."

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே?"

என் மூக்குக் கண்ணாடியை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதுங்க சார்."

மறுநாள் சேலத்தில் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். குறையொன்றும் இல்லை என்றார் டாக்டர். இருந்தாலும் அந்தப் பெண்ணைத்தான் நம்பத் தோன்றுகிறது.