தண்ணிக்குள் ஒரு மூச்சு

என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பவே இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் இப்போது நானும் மகள் ஸ்டெல்லாவும்தான். அடையாறில் மீன் விற்றுவிட்டு நான் வரும்போதெல்லாம் அவள் போனில் கேம் ஆடிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் தலைகூட நிமிராது.

ஒருநாள் மதியம் போட்டுவைத்த சோறு ஆறிப்போனது. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. "துன்றதைவிட அதுல இன்னாடி கீது?" என்று போனைப் பிடுங்கிவிட்டேன்.

"குடும்மா! அப்பாவுக்கு மூச்சு முட்டும்!" என்று அலறினாள்.

போனைப் பார்த்தேன். கடலுக்கு அடியில் ஒரு மனுஷ பொம்மை நின்றது. தலைக்கு மேலே 'அப்பா' என்று பேர் வைத்திருந்தாள்.

என் கையிலிருந்து போனை வாங்கி, அவசரமாக இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி அடித்தாள்.

"இந்த கமாண்ட் போட்டா தண்ணிக்குள்ளயே மூச்சு வுடுவாரும்மா. கொஞ்ச நேரத்துல தீந்துடும். மறுபடி போடணும்."

"அவரை மேல கூட்டியாந்து கரையில வுடேன்டி."

"அப்பா வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்மா. அங்கயாச்சும் மூச்சு வுடட்டும்."

அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

அந்த வரியை எழுத்து எழுத்தாக எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அவள் சாப்பிட உட்கார்ந்தால் போன் என் கையில்தான். மீன் வாடை போகக் கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொள்கிறேன். அவருக்கு மூச்சு தீர்வதற்குள் அந்த வரியை அடித்துவிடுகிறேன்.